குமரி மலையோரத்துக்கு வந்த பழைய பென்ஸ்

ஐரோப்பியச் சொகுசுக் கார் கன்னியாகுமரி மாவட்டத்துக் குடும்பங்களின் வாசலில் புதிதாக வந்து நின்றது அரிது. பெரும்பாலும் வந்தவை இரண்டாம் கை, மூன்றாம் கை வண்டிகள். தூதரக அதிகாரி, வளைகுடாவிலிருந்து திரும்பியவர், பெருநகரத்துக் கம்பெனி முதலாளி என்று யாரோ ஒருவர் ஓட்டி முடித்த பிறகே தெற்கு முனையில் ஒருவர் முதன்முறையாகப் பென்ஸ்காரர் ஆனார். எந்தக் காலத்தில் யாருக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது என்பதைப் பெரும்பாலும் இறக்குமதிச் சட்டமும் வரியும் பதிவு விதியும் முடிவு செய்தன. காரின் தரம் அதில் சிறிய பங்கே வகித்தது.

நாகர்கோவிலுக்கு வடக்கே, தோவாளை வட்டத்தில், தடிக்காரன்கோணத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிறது கீரிப்பாறை. காளிகேசம் ஆறும் ரப்பர்த் தோட்டங்களும் சூழ்ந்த ஊர். இதற்கு மேலேயுள்ள அசம்பு மலைகளில் 1860களில் ஐரோப்பியர் காப்பித் தோட்டங்கள் போட்டார்கள். அடுத்த பத்தாண்டுகளில் இலைநோய் வந்து காப்பியை அழித்தது; தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. ரப்பர் அதற்குப் பின் வந்த பயிர். திருவிதாங்கூரில் 1902இல் பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் வணிக நோக்கில் ரப்பர் நடப்பட்டது. டன்லப் 1888இல் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்திராவிட்டால், மோட்டார் வண்டி பெருகியிராவிட்டால், பிரேசில் நாட்டு மரம் ஒன்றுக்கு இந்த மலைச்சரிவில் வேலையே இருந்திருக்காது. இன்று கீரிப்பாறைத் தோட்டங்கள் 1984இல் தொடங்கப்பட்ட அரசு ரப்பர் கழகத்தின் கையில் இருக்கின்றன. தலைமை அலுவலகம் நாகர்கோவிலில். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள் பலருக்கு இந்தத் தோட்டங்கள் பிழைப்பு கொடுத்தன. உலகத்துக் கார்களெல்லாம் ரப்பரின் மேல் ஓடினாலும், பால் வெட்டும் ஊரின் பாதையில் ஓடியவை ஜீப்பும் லாரியும் பேருந்தும்தான்.

மலைக்குக் கீழே நிலைமை வேறு. 1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூரின், பின்னர் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தின் பகுதி. சர் சி.பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்த காலத்தில் திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே சிமெண்ட் கான்கிரீட் சாலை போடப்பட்டது. இந்தியாவின் ஆரம்பகால கான்கிரீட் நெடுஞ்சாலைகளில் அது ஒன்று. அரசுப் பேருந்துப் போக்குவரத்தும் 1938 பிப்ரவரியில் தொடங்கியது. அதை அமைக்க லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தில் வேலை பார்த்த சால்டர் என்பவர் வரவழைக்கப்பட்டார். மோட்டாருக்கு ஏற்ற சாலை இருந்தும் சொந்தமாகக் கார் வைத்திருந்தோர் விரல்விட்டு எண்ணக்கூடிய வட்டம்தான்: அரச குடும்பம், உயர் அதிகாரிகள், வக்கீல்கள், மருத்துவர்கள், தோட்டத் துரைமார்.

அந்த வட்டத்தின் நினைவாக இன்றும் பேசப்படும் வண்டி, திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் மெர்சிடிஸ் பென்ஸ் 180. 1950களில் ஏறத்தாழ 12,000 ரூபாய்க்கு வாங்கி, பெங்களூரில் பதிவு செய்யப்பட்ட கார் அது, எண் சி.ஏ.என். 42. அவர் 2013 டிசம்பரில் காலமாகும்வரை, அறுபதாண்டுக்கு அருகில், அதைக் கைவிடவில்லை. கார் பழையதாக ஆனது, சொந்தக்காரர் மாறவில்லை. இந்த வரலாற்றில் இது விதிவிலக்கு. மற்ற கார்களெல்லாம் கை மாறிக்கொண்டே வந்தன.

விடுதலைக்குப் பின் வாசல் சாத்தப்பட்டது. பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்பதோடு நிறுத்திக்கொண்ட நிறுவனங்கள் வெளியேற வேண்டும், உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டம் உள்ளவை மட்டுமே தொடரலாம் என்ற கொள்கையைச் சுங்கத்தீர்வை ஆணையத்தின் 1953ஆம் ஆண்டு அறிக்கை உறுதிப்படுத்தியது. ஜெனரல் மோட்டார்சும் ஃபோர்டும் கடையைக் கட்டின. மிஞ்சியவை மூன்று. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் உருவத்தில் கல்கத்தாவில் அம்பாசடர், பம்பாயில் ஃபியட் 1100, சென்னையில் 1961 முதல் டிரையம்ப் ஹெரால்டை ஒட்டிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. மூன்றும் ஐரோப்பியப் பிறப்புதான். ஆனால் அவற்றைச் சொகுசுக் கார் என்று அவை பிறந்த நாட்டுக்காரரே சொல்லமாட்டார்.

ஆகவே பென்ஸ் என்ற பெயர் பொதுமக்களுக்குக் காரின் வழியாக அறிமுகமாகவில்லை. டெல்கோ நிறுவனம் 1954இல் டைம்லர் பென்சுடன் சேர்ந்து லாரி செய்யத் தொடங்கியது. 1969 வரை அந்த உறவு நீடித்தது. மூன்று முனை நட்சத்திரம் தேங்காய் லோடும் நெல் மூட்டையும் ஏற்றிய லாரிகளின் முகப்பில் வந்து நின்றது. பென்ஸ் என்றால் லாரி என்று பழகிய தலைமுறைக்குப் பின்னால்தான் பென்ஸ் என்றால் பணக்காரர் கார் என்ற எண்ணம் ஊரில் பரவியது.

வெளிநாட்டுக் கார் வேண்டுமென்றால் சட்டப்படி இரண்டு வழிகள் இருந்தன. தூதரகத்தாரும் வெளிநாட்டு நிபுணர்களும் ஊர் திரும்பும்போது விட்டுச்சென்ற கார்களை 1956இல் தொடங்கப்பட்ட அரசு வணிகக் கழகம் வாங்கி ஏலத்தில் விட்டது. ஏலம் எடுத்தவர்களில் தொழிலதிபர், சினிமாக்காரர், ஓட்டல் நடத்துபவர் என்று பலரும் உண்டு. அங்கிருந்து புரோக்கர் கைமாறி, பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துச் சிற்றூர்களின் கல்யாண ஊர்வலங்களுக்கு அவை வந்து சேர்ந்தன. மற்றது குடிபெயர்ச்சிச் சலுகை: வெளிநாட்டில் குறிப்பிட்ட காலம் வாழ்ந்தவர், நிரந்தரமாகத் திரும்பும்போது தாம் அங்கே வைத்திருந்த காரை வரி கட்டிக் கொண்டுவரலாம், ஆனால் சில ஆண்டுகளுக்கு அதை விற்கக் கூடாது.

இரண்டாவது வழி 1970களில் அகலமானது. குளச்சல், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரங்களிலிருந்தும் அண்டையிலுள்ள கேரளத்திலிருந்தும் ஆட்கள் வளைகுடா நாடுகளுக்குப் போனார்கள். போனவர்களில் மிகச் சிலரே காரோடு திரும்பும் நிலையில் இருந்தார்கள். அப்படி வந்த கார்களில் பேர்பெற்றது மெர்சிடிஸ் டபிள்யூ123. 1976 முதல் 1985 வரை சுமார் 27 லட்சம் வண்டிகள் தயாரான அந்த மாடலை ஐரோப்பாவில் டாக்சிக்காரர்களே அதிகம் விரும்பினார்கள். வளைகுடாக் கார்களுக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். அந்த வகை வண்டி, விதிப்படியான சைகைக் கருவி வேலை செய்யும் நிலையில் இருந்தால்தான் சாலையில் ஓடலாம் என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 120ஆம் பிரிவு சொல்கிறது. லாரியை முந்த வேண்டுமானால் பக்கத்து இருக்கையில் ஒருவர் தலையை நீட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது வேறு சங்கதி.

இந்தப் பழைய பென்ஸ்கள் தென்கோடியில் உயிரோடு இருந்ததற்கு ஒரு காரணம் எந்தச் சொகுசுக் கார் ஷோரூமிலும் இல்லை. பஜாஜ் டெம்போ நிறுவனம் மேடடார் வேனுக்குப் பென்சின் ஓஎம்636 டீசல் எஞ்சினை உரிமம் பெற்றுத் தயாரித்தது. 1950களின் பென்ஸ் 180டி காரில் இருந்த எஞ்சின் அதுவே. பின்னால் வந்த டெம்போ டிராவலரிலும் டிராக்ஸ் ஜீப்பிலும் 2.4 லிட்டர் ஓஎம்616 பொருத்தப்பட்டது. அது டபிள்யூ123 வரிசையின் 240டி காரில் இருந்த எஞ்சின். மலையோர ஊர்களில் ஆட்களை அடைத்துக்கொண்டு ஏறிய டிராக்சுக்கும் வளைகுடாவிலிருந்து வந்த 240டிக்கும் இதயம் ஒன்றுதான். பிஸ்டன், ரிங், ஹெட் கேஸ்கெட் என்று எது போனாலும் டெம்போ ஒர்க்‌ஷாப்காரருக்குப் பழகிய வேலை. ஜெர்மனியிலிருந்து பாகம் வரக் காத்திருக்காமல் டிராக்ஸ் சாமான் கடையிலேயே காரியம் முடிந்தது. பழைய ஐரோப்பியக் கார் முதன்முறையாக வாங்கும் ஒருவருக்கு இவ்வளவு சாதகமான நிலை பிறகு ஒருபோதும் வாய்க்கவில்லை.

சென்னையிலும் ஒரு முயற்சி நடந்தது. வண்டலூர்ப் பக்கம் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற காரை இறக்கியது. அதன் உடல் 1977ஆம் ஆண்டின் ஐரோப்பியச் சிறந்த கார் என்ற பட்டம் பெற்ற ரோவர் எஸ்டி1. உள்ளே வைத்த எஞ்சினோ பழைய ஸ்டாண்டர்ட் வான்கார்டு காலத்து வம்சாவளி. மேலே பட்டு வேட்டி, உள்ளே கிழிந்த பனியன். ரோவருக்குப் பேர் வாங்கித் தந்த வேகமும் அமைதியும் இதில் இல்லை. விலையோ மற்ற இந்தியக் கார்களைவிட மிக அதிகம். 1988இல் உற்பத்தி நின்று ஆலையும் மூடியது. தமிழ்நாட்டில் தயாரான முதல் ஐரோப்பியச் சொகுசுக் கார் இப்படி மூன்றாண்டில் முடிந்தது. பாகம் கிடைக்காததால் வாங்கியவர்களில் பலர் அதில் டீசல் எஞ்சினை மாற்றி வைத்து ஓட்டினார்கள்.

1991இன் பொருளாதார மாற்றமும் 1993இல் கார்த் தொழிலுக்கு உரிம முறை நீக்கப்பட்டதும் வாசலை மீண்டும் திறந்தன. டெல்கோவும் டைம்லர் பென்சும் மறுபடி கை கோத்து, 1995இல் புனேயில் டபிள்யூ124 இ-கிளாஸ் காரைப் பூட்டத் தொடங்கின. 2001 ஏப்ரலில் கார் இறக்குமதிக்கான அளவுக் கட்டுப்பாடுகள் போயின. ஆனால் பழைய கார் வந்து குவியாதபடி வேலி போடப்பட்டது: மூன்றாண்டுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது, ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வரலாம், சுங்க வரி நூறு விழுக்காட்டைத் தாண்டும். வளைகுடாக்காரரின் இடப்பக்க ஸ்டியரிங் பென்சுக்கு அத்துடன் காலம் முடிந்தது. 2007இல் பிஎம்டபிள்யூ செங்கல்பட்டு அருகே மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் ஆலை திறந்தது. ஆடி அதே காலத்தில் அவுரங்காபாதில் பூட்டத் தொடங்கியது.

இதன் விளைவு பத்தாண்டு கழித்துத் தெரிந்தது. சொகுசுக் காரைப் புதிதாக வாங்குபவர் உத்தரவாதக் காலம் முடிந்ததும் விற்று அடுத்ததுக்குப் போய்விடுகிறார். உத்தரவாதம் இல்லாத சொகுசுக் காரை வாங்க ஆள் குறைவு, விலை சரிகிறது. நாற்பது ஐம்பது லட்சத்துக்கு விற்ற வண்டி பத்து, பன்னிரண்டு ஆண்டில் புதிய சிறிய கார் ஒன்றின் விலைக்கு இறங்கிவிடுகிறது. ஸ்விஃப்ட் வாங்கப் பணம் வைத்திருப்பவர் பிஎம்டபிள்யூ வாங்கலாம் என்ற நிலை இப்படித்தான் உருவானது. அரசுப் பணியாளர், ரப்பர்ச் சிறுவிவசாயி, மீன் வியாபாரி, கடை வைத்திருப்பவர் ஆகியோருக்கும் இந்தக் கார் எட்டும் தூரத்துக்கு வந்தது இதற்குப் பிறகே.

சரக்கு எங்கிருந்து வந்தது என்பதிலும் வரலாறு உண்டு. டெல்லி வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. அங்கே ஆயுள் முடிந்த டீசல் பென்சும் ஆடியும் தடையில்லாச் சான்றுடன் மற்ற மாநிலங்களுக்கு இறங்கின. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்திலும் 2018 கேரள வெள்ளத்திலும் மூழ்கிய கார்கள் வேறு வகை. காப்பீட்டு நிறுவனங்கள் முழுச் சேதம் என்று எழுதி ஏலம் விட்ட வண்டிகளில் சில, இருக்கையும் தரைவிரிப்பும் மாற்றி, மெருகேற்றி, சந்தைக்குத் திரும்பின. தண்ணீர் குடித்த மின்சுற்று ஓரிரு மழைக்காலத்துக்குப் பின்பே வேலையைக் காட்டும். கம்பளத்துக்கு அடியில் சேற்றுப் படிவு, இருக்கைத் தண்டவாளத்தில் துரு, சீட் பெல்ட்டை முழுதும் இழுத்தால் அடியில் தெரியும் கறை ஆகியவையே அதன் அடையாளங்கள்.

வரிக்குப் பயந்து வந்தவையும் உண்டு. கேரளத்து வரியைத் தவிர்க்கப் போலி முகவரி கொடுத்துப் புதுச்சேரியில் சொகுசுக் கார் பதிவு செய்த விவகாரம் 2017இல் பெரிதாக வெடித்தது. 2025 செப்டம்பரில், பூட்டான் வழியாகக் கடத்திவந்து வடமாநிலங்களில் பதிவு செய்ததாகச் சந்தேகிக்கப்பட்ட சொகுசு வாகனங்களைத் தேடிச் சுங்கத்துறை கேரளம் முழுவதும் சோதனை நடத்திப் பறிமுதல் செய்தது. எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் நடப்பது இந்தப் பக்கத்துச் சந்தையைத் தொடாமல் போகாது. இத்தகைய காரைத் தெரியாமல் வாங்கியவரிடம் இருப்பது வண்டி அல்ல, வழக்கு.

கார் கைக்கு வந்த பிறகு முதலில் பழுதாவது பெரும்பாலும் ரப்பர்தான் என்பது கீரிப்பாறைக்காரருக்கு வியப்பாக இருக்கலாம். ஐரோப்பியக் காரின் மெத்தென்ற ஓட்டம், சஸ்பென்ஷனில் உள்ள ஏராளமான புஷ்களிலும் எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்குகளிலும் இருக்கிறது. அதிர்வைத் தின்னும் குணத்தில் இயற்கை ரப்பருக்கு இணை குறைவு. அதனால் இவற்றில் இன்றும் அது பயன்படுகிறது. வெயிலும் எண்ணெயும் பட்டால் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டில் அது வெடித்துத் தளர்கிறது. பெட்ரோலில் இயற்கை ரப்பர் ஊறி வீங்கிவிடும் என்பதால் எரிபொருள் குழாய்களுக்குச் செயற்கை ரப்பர். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வந்தபின், அதற்கென வடிவமைக்கப்படாத பழைய குழாய்களும் சீல்களும் சீக்கிரம் கெடும் என்ற கவலை புதிதாகச் சேர்ந்துள்ளது.

மற்றக் கோளாறுகள் மாடலுக்கு மாடல் வேறுபடும். 1990களின் முற்பாதியில் வந்த டபிள்யூ124 கார்களில் எஞ்சின் வயர்களின் உறை தானாகப் பொடிந்து உதிர்ந்தது. டபிள்யூ220 எஸ்-கிளாசில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை. அது கசிந்தால் இரவில் நிமிர்ந்து நின்ற கார் காலையில் தரையில் படுத்திருக்கும். 2007க்குப் பின் வந்த பிஎம்டபிள்யூ என்47 டீசல் எஞ்சினில் டைமிங் செயின் பின்பக்கம் இருக்கிறது. செயின் தேய்ந்தால் எஞ்சினையே இறக்க வேண்டும். அறுந்தால் எஞ்சினே போயிற்று. பிஎம்டபிள்யூவின் குளிரூட்டும் அமைப்பில் உள்ள பிளாஸ்டிக் பாகங்கள் வெப்பத்தில் மொறுமொறுத்து உடைகின்றன. எஞ்சின் சூட்டு முள் ஏறியும் வண்டியை நிறுத்தாமல் ஓட்டிய ஒரு பயணம், காரின் விலையில் பாதியைச் செலவாக்கிவிடும்.

இடத்தின் குணமும் சேர்கிறது. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. மலையடிவாரத்தில் இன்னும் கூடுதல். கடலோரத்தில் உப்புக்காற்று. மழைநீர் வடியும் துளைகளில் ரப்பர் இலை அடைத்துக்கொண்டால், கண்ணாடிக்கு அடியில் தேங்கும் நீர் மின்கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இறங்கும். தடிக்காரன்கோணத்துக்கு மேலே வளைந்து ஏறும் குறுகிய பாதைக்கு நீண்ட உடலும் தாழ்ந்த வயிறும் உள்ள கார் பொருத்தமில்லை. தோட்டப் பாதையில் எண்ணெய்த் தொட்டி கல்லில் இடித்தால் நட்டம் முழுதும் சொந்தக்காரருடையது. வீட்டில் வேறொரு வண்டி இல்லாதவர் இத்தகைய காரை நம்பி இருப்பது சரியல்ல.

பாகங்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டையும் கோவை உக்கடமும் நெடுங்காலப் புகலிடம். உடைத்துப் பிரித்த வண்டிகளின் கதவு, விளக்கு, கியர் பாக்ஸ் எல்லாம் அங்கே வரும். டபிள்யூ123 காலத்தில் காது கொடுத்துக் கேட்டுக் கோளாறு சொன்ன மெக்கானிக் போதுமாயிருந்தார். 1990களின் பிற்பகுதிக்குப் பிந்தைய காருக்குக் கணினியில் பொருத்திப் பார்க்கும் ஸ்கேனர் வேண்டும். பழைய கட்டுப்பாட்டுப் பெட்டியை எடுத்து வைத்தால் அதைக் காரோடு இணைக்கக் குறியீடும் வேண்டும். உக்கடத்துச் சாமான் மட்டும் போதாத காலம் வந்துவிட்டது. வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது முதலாண்டுப் பழுதுக்கென்று தனியாக வைத்துக்கொள்ளாதவருக்கு இந்தக் கார் கட்டுப்படியாகாது.

காகித வேலை தனி. மாவட்டத்தில் நாகர்கோவிலுக்கு டிஎன் 74, மார்த்தாண்டத்துக்கு டிஎன் 75. வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 29, படிவம் 30. காப்பீட்டை மாற்ற 14 நாள். வெளிமாநிலக் கார் என்றால் படிவம் 28இல் பெறும் தடையில்லாச் சான்று அவசியம். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவும், வயதுக்கேற்பக் கணக்கிட்ட ஆயுள் வரியும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு ஆயுள் வரி 20 விழுக்காடு. கடனில் வாங்கிய வண்டி என்றால் வங்கியின் விடுவிப்புக் கடிதம் கையில் இல்லாமல் முன்பணம் கொடுப்பது அறிவீனம். பழைய கார் வியாபாரிகளும் 2023 ஏப்ரல் முதல் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். வாங்குமுன் அதைக் கேட்டுப் பார்க்க வாங்குபவருக்கு உரிமை உண்டு.

பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும், பிறகு தகுதிச் சான்று (எஃப்.சி.) பார்த்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் சாதாரணக் காருக்கு 5,000 ரூபாயாகவும் இறக்குமதிக் காருக்கு 40,000 ரூபாயாகவும் உயர்ந்தது. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு அது 10,000, 80,000 என இரட்டிப்பானது. அதனால் புனேயில் பூட்டிய பென்சா, முழுதாகக் கப்பலில் வந்த பென்சா என்பதைப் பதிவுச் சான்றில் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு மட்டும் 2021 முதல் பழங்கால வாகனப் பதிவு உண்டு: வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனி எண், கட்டணம் 20,000 ரூபாய், அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை. 1995இல் புனேயில் இறங்கிய முதல் டபிள்யூ124 காருக்கு அந்தத் தகுதி 2045இல் வரும்.